முழியனின் கைகள்

முழியன் என்னுடைய படைப்பு அல்ல. தொலைக்காட்சியில் வாரந்தோறும் ‘உருவ அமைப்பு: நஸீரா’ என்று வாசித்தீர்களே... அது பொய்!

போர்க்காலத்தில் சிறுபிள்ளையாக இருந்தவரென்றால் நீங்கள் அவனை மறந்திருக்கமாட்டீர்கள். ஹந்தானைக் காட்டிலிருந்து வழிதவறிக் கண்டி நகருக்குள் இறங்கிவிட்ட தேவாங்குக் குட்டி. முகத்தில் பாதி கண், மீதி பயம். அவனை வரைந்தவள் தயாளினி.

யாழ்ப்பாணத்துப் பெண். கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கி, எங்கள் சிறிய கார்ட்டூன் நிலையத்துக்குப் பஸ்ஸில் வருவாள். நான் கண்டியிலேயே பிறந்தவள், அவளைவிட மூத்தவள். பின்னணி ஓவியங்கள் என் பொறுப்பு. மலையும் மூடுபனியும் வாவியும் எனக்குக் கைவந்தவை. ஆனால் உயிர்...? அது அவளுடைய பென்சிலில்தான் இருந்தது!

எவ்வளவு குறைவான கோடுகள்! ஒன்றை அழித்தால் முழியன் செத்துவிடுவான். ஒன்றைக் கூட்டினால் வெறும் பொம்மையாகிவிடுவான். என் வேலையை விட்டுவிட்டு அவள் வரைவதையே பார்த்துக்கொண்டிருப்பேன்.

பயம் வந்தால் முழியன் ஓர் இலையைப் பறித்து, இரண்டு கைகளாலும் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, தலை சற்றே குனிந்து நிற்பான். நாட்டுப் பிள்ளைகளெல்லாம் அப்படி நின்று காட்டினார்களே, அதேதான்.

“இத எங்க பாத்த, புள்ள?” என்று ஒருநாள் கேட்டேன்.

“கட்டுகஸ்தோட்டைப் பாலத்தடியில, அக்கா. ஆமிக்காரர் மறிக்கிற செக் பொயின்ற்றில சனம் அடையாள அட்டையைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறது இப்பிடித்தான். நானும் இப்பிடித்தானே நிக்கிறனான்” என்று சிரித்தாள்.

தினமும் படும் அவமானத்தை எடுத்து, குழந்தைகள் கட்டிக்கொள்ளத் துடிக்கும் ஓர் உருவமாக்கிவிட்டாளே! நானாக இருந்தால் அழுதிருப்பேன். அவள் வரைந்தாள்.

நகரில் குண்டு வெடித்த கிழமை, பொலிஸ் சுற்றிவளைப்பில், யாழ்ப்பாணத்தவள் என்பதற்காகவே அவளைப் பிடித்துக்கொண்டு போனார்கள். முதல் பாகம் ஒளிபரப்புக்குத் தயாராக இருந்தது. “தடுப்புக் காவலில் இருப்பவளின் பெயரைப் போட்டால் தொலைக்காட்சிக்காரர்கள் தொடரையே எடுக்கமாட்டார்கள். இப்போதைக்கு உங்கள் பெயர் இருக்கட்டும்” என்றார் இயக்குநர், சிங்களத்தில். தலையசைத்தேன்.

இதுவரை நீங்கள் என்னை மன்னித்துவிடலாம்...

சில கிழமைகளில் விடுதலையாகி வந்தாள். மெலிந்திருந்தாள். நேரே மேசைக்குப் போய், தான் இல்லாதபோது நாங்கள் வரைந்த தாள்களைப் புரட்டினாள். “ஐயோ, இவன்ர விரலெல்லாம் கொழுத்துப்போச்சு!” என்று திருத்த உட்கார்ந்துவிட்டாள். பெயரைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. என்ன பிறவி அவள்!

முழியன் புகழடைந்தபின் ஒரு பத்திரிகையாளர் என்னைத் தேடி வந்தார். அந்தக் கைகள் எப்படித் தோன்றின என்று கேட்டார். தயாளினி அடுத்த அறையில் வரைந்துகொண்டிருந்தாள்.

“என் மகள் பள்ளிப் புத்தகத்தை இப்படித்தான் அணைத்துக்கொண்டு நிற்பாள்” என்றேன்.

யாரும் வற்புறுத்தவில்லை! நாவில் தானாக வந்தது. புகைப்படத்துக்காக நெஞ்சில் கைவைத்து நின்றும் காட்டினேன்...

பேட்டி வெளியான அன்று தயாளினி எனக்கும் சேர்த்துத் தேநீர் கொண்டுவந்தாள்.

“வாசிச்சனான், அக்கா.”

நான் கோப்பையைக் கீழே வைத்தேன்.

“நீங்கள் உண்மையைச் சொல்லியிருந்தா முழியனை நிப்பாட்டியிருப்பாங்கள். என்னையும் திரும்பக் கொண்டுபோயிருப்பாங்கள். அதுக்குத்தானே அப்பிடிச் சொன்னனீங்கள்?”

அந்த எண்ணம் என் மனத்தின் ஓரத்தில்கூட இருந்ததில்லை. அந்தக் கைகள் எனக்கு வேண்டியிருந்தன. அவ்வளவுதான்! அதை அப்போதே சொல்லியிருக்கலாம். சொன்னேனா?

“ஓம் புள்ள... அதுக்குத்தான்.”

அவள் என் கைகளைப் பற்றிக்கொண்டாள். “பெரிய உபகாரம், அக்கா.”

தொடர் முடிந்ததும் அவள் நாட்டைவிட்டுப் போய்விட்டாள். அங்கும் வரைகிறாள், இப்போது தன் பெயரிலேயே. எங்கள் நோன்புப் பெருநாளைக்கு மறக்காமல் வீடியோவில் அழைப்பாள். பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் இழுத்துவந்து, “இவதான் என்னைக் காப்பாத்தின அக்கா” என்பாள்.

நான் ஸலாம் சொல்லிச் சிரிக்கிறேன்.