அத்தானின் கொழுப்பில் தேடாமல் விட்ட ஓரம்

மாவு பிசையும்போது சின்னவளின் விரல்கள் சட்டென்று நின்றுவிடும். உள்ளே பருக்கை மாதிரி ஏதோ தட்டுப்படும். பிய்த்துப் பார்ப்பாள், ஒன்றும் இருக்காது. மகளுக்குத் தலை பின்னினால் கை தானாகக் கழுத்துக்கு இறங்கித் தடவும். "கூசுதும்மா" என்று மகள் நெளிவாள்.

ஆஸ்பத்திரியில் வெட்டியெடுத்த உறுப்புகளைச் சோதிக்கும் கூடத்தில் அவளுக்கு வேலை. கட்டியோடு வரும் கொழுப்பை இரண்டு விரலுக்கு நடுவே நசுக்கி, உள்ளே ஒளிந்திருக்கும் நெறிக்கட்டிகளை, அதாவது நிணநீர் முடிச்சுகளைப் பொறுக்குவாள். கண்ணுக்குத் தெரியாது, கைக்குத்தான் தெரியும். அவற்றை மெழுகில் பதித்து மெல்லிசாகச் சீவிக் கொடுத்தால், நோய் அதுவரை பரவியிருக்கிறதா என்று டாக்டரம்மா மைக்ராஸ்கோப்பில் பார்ப்பார். பரவியிருந்தால், ஆபரேஷன் எவ்வளவு நன்றாக முடிந்தாலும் நோய் திரும்பி வர வாய்ப்பு அதிகம்.

சொந்தக்காரர் உடம்பிலிருந்து வந்ததை யாரும் தொடுவதில்லை. சட்டமாக எழுதி வைக்கவில்லை, பழக்கம், அவ்வளவுதான்.

அக்காளின் கணவருக்குக் கணையத்தில் கட்டி வந்தது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர் அவர். நியூரோஎண்டோகிரைன் கட்டி, மெதுவாக வளரும் வகை, எடுத்துவிட்டால் பல வருஷம் நன்றாக இருக்கலாம் என்றார் சர்ஜன். "வண்டி பழசுதான், பிரேக் பிடிக்குதுல்ல" என்று சிரித்துக்கொண்டே படுக்கப் போனார் அத்தான்.

வெட்டியெடுத்தது கூடத்துக்கு வந்தபோது கூட வேலை செய்கிறவன் கையுறை மாட்டினான். அவனுக்குப் பொறுமை பத்தாது. உறவைச் சொல்லாமல் சின்னவளே வாங்கிக்கொண்டாள். வழக்கமாகக் கொழுப்பு கூழாகும்வரை விடமாட்டாள். அன்று நாலைந்து கிடைத்ததுமே போதும் என்று எழுந்துவிட்டாள்.

எல்லாம் சுத்தம் என்று ரிப்போர்ட் வந்தது. அக்காள் கட்டிக்கொண்டு அழுதாள். "நீ பாத்தேன்னு தெரிஞ்சப்புறம்தான்டீ எனக்கு உசுரே வந்துச்சு."

சில மாதம் கழித்து முன்பின் தெரியாத ஒருவரின் கணையம் மேசைக்கு வந்தது. கொழுப்பெல்லாம் கூழான பிறகு, மண்ணீரல் பக்கத்து ஓரத்தில் கடைசியாக ஒன்று நழுவியது. அதில்தான் நோய் இருந்தது என்று மைக்ராஸ்கோப்பில் தெரிந்தது. சின்னவளுக்கு அத்தானின் கொழுப்பு நினைவுக்கு வந்தது. அத்தானுடையதில் அந்த ஓரத்தை அவள் நசுக்கவே இல்லை. எதுவும் அகப்படக் கூடாது என்று வேண்டிக்கொண்டே தேடிய கை, அகப்படுமுன் நின்றுவிட்டது.

மிச்சம் வைக்கும் அலமாரிக்கு ஓடினாள். அத்தானின் மிச்சக் கொழுப்பு இருந்த ஜாடி எரிக்கப் போய் வெகுநாள் ஆகியிருந்தது. அன்றிலிருந்துதான் அவள் விரல்களுக்கு ஓய்வில்லை.

டாக்டரம்மாவிடம் சொன்னாள். அவர் திட்டவில்லை. ரிப்போர்ட்டைத் திருத்தினார். கிடைத்தவை குறைவு, பரவவில்லை என்று அடித்துச் சொல்ல முடியாது, விடாமல் ஸ்கேன் எடுக்க வேண்டும். ஆனால் அத்தானோ, சுத்தம் என்றான பிறகு அந்த ஸ்கேன் மெஷின் குழாய்க்குள் எதற்குப் படுக்க வேண்டும் என்று ஏற்கெனவே எடுக்க வேண்டியிருந்த ஸ்கேனையே தட்டிக்கழித்துக்கொண்டிருந்தார். அவரை அனுப்ப வேண்டுமானால் உண்மையைச் சொல்லியாக வேண்டும்.

துணி மடித்துக்கொண்டிருந்த அக்காளின் எதிரில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அக்காளின் கையில் அத்தானின் சட்டை அப்படியே இருந்தது.

"அப்ப பரவியிருக்கா, இல்லையா? அதைச் சொல்லு."

"தெரியலக்கா. அந்தக் கொழுப்பு இப்ப இல்ல. இனி ஸ்கேன்ல பாத்துக்கிட்டே இருக்கறதுதான் வழி."

"நீ சொல்லாமலே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். அத்தான் ஸ்கேனுக்குப் போயிருக்க மாட்டாரு."

உள்ளறையிலிருந்து அத்தான் வந்து நின்றார். எல்லாம் காதில் விழுந்திருக்கிறது. "கண்ணாடியில தெரியாத ஓரம் எல்லா வண்டியிலயும் இருக்கும், சின்னவளே. கழுத்தைத் திருப்பிப் பாத்துத்தான் ஆகணும். நாளைக்கே போவோம்." சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை.

அந்த ஸ்கேனில் எதுவும் இல்லை. இந்த முறை யாரும் கட்டிக்கொள்ளவில்லை. "அடுத்தது எப்போ?" என்றாள் அக்காள், தங்கையின் முகத்தைப் பார்க்காமல். சின்னவள் மாதத்தைச் சொன்னாள். மூன்று பேரும் படியிறங்கினார்கள்.