வெறும் புகார் என்றொரு பிரிவு

அந்தக் குடியிருப்பின் அலுவலகம், மாடிப்படிக்கு அடியில் கூரை சரிந்த ஓர் அறை. நின்றால் தலை இடிக்கும். அமர்ந்தால் முழங்கால் மேசையில் இடிக்கும். அங்கே பதினோராண்டுகளாகக் கணினியின் முன் அமர்ந்திருந்தவரை எல்லாரும் பட்டியலக்கா என்றே அழைத்தனர். அவரைவிடப் பதினைந்து வயது மூத்த குழாய்க்காரரும் அவரை 'அக்கா' என்பார்; பதிலுக்கு அவர் குழாய்க்காரரை 'அண்ணே' என்பார். இருவரில் யார் மூத்தவர் என்று புதிதாகக் குடிவருவோர் விழிப்பது அங்கே வழக்கமான வேடிக்கை.

பட்டியலக்காவிடம் இருந்தது ஒரே ஒரு கோப்பு. அதில் கட்டமும் இல்லை, வண்ணமும் இல்லை, எழுத்து மட்டுமே. நூற்றிருபது வீடுகளில் எங்கே எது கெட்டாலும் அதற்கு அக்கோப்பில் ஒரு வரி உண்டு. வரியின் முதற்சொல், அவ்வேலை எந்தப் பிரிவைச் சேர்ந்தது என்பதைக் காட்டும்: கதவு, குப்பை, தண்ணீர், மின்சாரம். அதன் பின் வீட்டு எண், தேதி, குறை. வேலை முடிந்தாலும் அவர் வரியை அழிக்கமாட்டார். அதன் முன்னால் 'முடிந்தது' என்று சேர்ப்பார். மாலையில் ஒருமுறை தட்டினால் வரிகள் அனைத்தும் அகரவரிசையில் நிற்கும். கதவு கதவோடும் தண்ணீர் தண்ணீரோடும் சேர்ந்துவிடும். முடிந்தவை அடியில் போய்த் தங்கும். காலை எட்டு மணிக்குத் தண்ணீர்ப் பகுதியை அப்படியே எடுத்துக் குழாய்க்காரரின் கைப்பேசிக்கு அனுப்புவார். மின்சாரப் பகுதி மின்பணியாளருக்குப் போகும்.

விலையுயர்ந்த செயலி ஒன்றை விற்க ஒருவர் வந்தபோது, "என்னோடதுல என்ன இல்லைன்னு சொல்லுங்க, இப்பவே தட்டிக்கிறேன்" என்றார் பட்டியலக்கா. வந்தவர் வாங்கிக் குடித்த தேநீரோடு திரும்பிப் போனார்.

அந்தக் கோப்பு கெட்டது ஒரு சொல்லால். ஆண்டுக்கூட்டத்திற்கு இரண்டு மாதம் இருக்கையில் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர் அறைக்குள் குனிந்து வந்தார்.

"ஏம்மா, நிலுவை நாப்பத்தேழுன்னு காட்டுதே. இதைக் கூட்டத்துல எப்படிம்மா வாசிக்கிறது?"

"வேலையை முடிச்சா குறைஞ்சிடும் சார்."

"எல்லாமே வேலையா? பாதிக்கு மேல புலம்பல். அதுக்குன்னு தனியா ஒரு பிரிவு போடு. வெறும் புகார்னு பேர் வை. அதை எண்ணிக்கையில சேர்க்காதே."

பட்டியலக்கா மறுக்கவில்லை. பத்தொன்பது வரிகளின் முதற்சொல்லை மாற்றினார்; நிலுவை இருபத்தெட்டாயிற்று. அகரவரிசையில் மகரத்திற்குப் பின்னரே வகரம் வருவதால், அந்தப் பத்தொன்பதும் முடிந்தவற்றுக்கும் கீழே போய் விழுந்தன. பதினோராண்டுகளின் செத்த வரிகளைத் தாண்டி அங்கே சென்று பார்க்க ஒருவருக்கும் பொறுமை கிடையாது.

நான்காம் மாடியில் தனியாகத் தையல் தொழில் செய்யும் பெண்மணி ஒருவர் இருந்தார். ஒருநாள் அவர் வந்து, குழாயில் வரும் தண்ணீர் நாறுகிறது என்றார். செயலாளர் அப்போது அங்கே இருந்தார்.

"நூத்திருபது வீட்டுல உங்க மூக்கு மட்டும் ஏம்மா இவ்ளோ நீளம்?"

"என் மூக்கு இருக்கட்டும் சார். உங்க வீட்டுல குடிக்கிறது கேன் தண்ணிதானே?"

செயலாளர் பட்டியலக்காவின் பக்கம் திரும்பி, "வெறும் புகார்" என்றார். பட்டியலக்கா தட்டினார்.

ஒரு வாரம் கழித்துத் தையல்காரம்மா மீண்டும் வந்தார். "தண்ணி கையில வழவழங்குது அக்கா. துணியை நனைச்சா வாடை போகமாட்டேங்குது. சட்டை வாங்க வர்றவங்க மோந்து பாத்துட்டு மூஞ்சியைச் சுளிக்கிறாங்க." செயலாளரிடம் தொலைபேசியில் கேட்டபோது அதே இரண்டு சொற்கள்தாம் வந்தன.

மூன்றாம் முறை அவர் பேசவே இல்லை. ஒரு கண்ணாடித் தம்ளரை மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். கலங்கிய நீரில் விரல்நீளச் சாம்பல்நிற இறகு ஒன்று மிதந்தது. அன்று செயலாளர் ஊரில் இல்லை; கேட்பதற்கு ஆள் இல்லை. பட்டியலக்காவின் விரல்கள் யாரும் சொல்லாமலேயே 'வெறும்' என்று தட்டின. தம்ளரை வெளியே கொட்டிக் கழுவிக் கவிழ்த்தார். கழுவியதும் அதே தண்ணீரில்தான்.

தண்ணீர்த் தொட்டி இருக்கும் மொட்டைமாடிக்குச் செல்லும் கதவின் சாவி அலுவலகச் சுவரில் ஓர் ஆணியில் தொங்கும். தண்ணீர்ப் பிரிவில் வரி இருந்தால்தான் அதைக் குழாய்க்காரருக்குக் கொடுக்க வேண்டும் என்பது செயலாளரின் விதி. வரி இல்லை, ஆகவே சாவி ஆணியிலேயே தொங்கியது.

முதல் புகாருக்கு இருபத்தோராம் நாள், முதல் மாடியில் மூன்று குழந்தைகள் விடாமல் வாந்தியெடுத்தனர். அன்றுதான் குழாய்க்காரரிடம் சாவி கொடுக்கப்பட்டது. தொட்டியின் மூடி காற்றில் நகர்ந்து கிடந்தது. உள்ளே ஒரு புறா. புறாவாக இருந்த ஒன்று. வலையை விட்டுத் தூக்கியபோது உடல் ஒரு பக்கமாகவும் தலை ஒரு பக்கமாகவும் வந்தன. இறக்கைகள் கூழாகிச் சுவரில் அப்பியிருந்தன. கயிறு கயிறாக ஏதோ ஒழுகிற்று. மூக்கில் துணி கட்டியிருந்தும் குழாய்க்காரர் இரண்டுமுறை எட்டிப்போய்க் குமட்டிவிட்டு வந்தார்.

அத்தண்ணீரில் இருபத்தொரு நாள் தேநீர் கொதிக்கவைத்துக் குடித்தவர் பட்டியலக்கா. செய்தி வந்ததும் வாய்க்குள் விரலை விட்டார்; ஒன்றும் வரவில்லை. அதுதான் அவருக்கு இன்னும் அருவருப்பாக இருந்தது.

மாலையில் செயலாளர் வந்தார். புறாவைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை.

"நாளைக்கு அவசரக் கூட்டம். யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாகணும். தொட்டி குழாய்க்காரன் பொறுப்பு. அந்த மூணு வரியையும் தண்ணீர்னு மாத்திடு. லிஸ்ட்ல இருந்தும் அவன் பாக்கலைன்னு ஆயிடும். அனுப்பிவிட்டுடலாம்."

"அவருக்கு இது போனா வேற வேலை கிடைக்காது சார். வயசாச்சு."

"அப்போ உன்னை அனுப்பட்டுமா? ஒரு வார்த்தைம்மா. எழுத்துக் கோப்புதானே, மாத்தின தடம்கூட இருக்காது."

தடம் இருக்காது என்பது உண்மை. மூன்று வரிகளிலும் முதற்சொல் மாறியது. வரிசைப்படுத்தத் தட்டியதும் அவை மூன்றும் அடியிலிருந்து எழும்பி, எப்போதும் அங்கேயே இருந்தவைபோலத் தண்ணீர்ப் பகுதியில் வந்து நின்றன. பட்டியலக்கா கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவினார். வழவழப்பு போகவில்லை.

மறுநாள் காலை எட்டு மணி. பதினோராண்டுப் பழக்கம், படித்துப் பார்க்காமலே தண்ணீர்ப் பகுதியை எடுத்துக் குழாய்க்காரருக்கு அனுப்பிவிட்டார். பத்து நிமிடத்தில் குழாய்க்காரர் கைப்பேசியை நீட்டியபடி வாசலில் நின்றார். இரவெல்லாம் தொட்டி கழுவிய வாடை அவரோடு வந்தது.

"அக்கா, இதுல நாலாம் மாடின்னு மூணு வரி இருக்கே. மூணு வாரத்துக்கு முந்தியிலிருந்து தேதி போட்டிருக்கு. நேத்து வரைக்கும் நீங்க அனுப்புனதுல இது இல்லையே?"

பட்டியலக்கா திரையில் அந்த மூன்று வரிகளையும் பார்த்தார்.

"பழசையெல்லாம் வச்சிருக்கேன். நான்தான் சரியாப் பாக்கலையோன்னு ஒவ்வொண்ணாத் தேடிட்டேன். கண்ணு வேற மங்கலா இருக்கா... பிள்ளைங்க வேற வாந்தி எடுத்துச்சுங்க. என் தப்பாக்கா?"

அவர் கோபமாகக் கேட்டிருந்தால் பதில் சொல்வது எளிதாக இருந்திருக்கும்.

"இல்லண்ணே. உங்க தப்பு இல்ல. சாயந்தரம் கூட்டத்துக்கு வாங்க."

அவர் போனதும் பட்டியலக்கா மூன்று வரிகளையும் பழைய சொல்லுக்கே திருப்பினார்.

கூட்டத்தில் செயலாளர், குழாய்க்காரரின் கவனக்குறைவு என்று தொடங்கினார். பட்டியலக்கா எழுந்து, தாளில் அச்செடுத்து வந்த கோப்பைக் கடைசிப் பக்கத்திலிருந்து வாசித்தார்.

"உக்காரும்மா, அதெல்லாம் இப்ப எதுக்கு?"

"படிக்கட்டும் சார்" என்றார் தையல்காரம்மா. "என் மூக்கு நீளத்தை எல்லாரும் தெரிஞ்சுக்கட்டும்."

பட்டியலக்கா மூன்று வரிகளையும் 'வெறும்' என்ற சொல்லோடு வாசித்தார். முந்தைய நாள் மாலை அச்சொல்லை மாற்றியதையும் காலையில் திருப்பியதையும் சொன்னார். "முதல் ரெண்டும் செயலாளர் சொல்லிப் போட்டேன். மூணாவது, யாரும் சொல்லல. இறகைக் கண்ணால பாத்துட்டு நானே போட்டேன்."

குழாய்க்காரரின் வேலை தப்பியது. செயலாளரின் பதவியும் தப்பியது. அடுத்த கூட்டத்தில் பேசிக்கொள்ளலாம் என்றார்கள். கலைந்து போகையில் சிலர் பட்டியலக்காவின் நாற்காலியை விட்டு விலகி நடந்தனர். தொட்டியிலிருந்து வந்த வாடை அவரிடமிருந்து வருவதைப்போல.

மூன்றாம் நாள் செயலாளர் அறைக்குள் தலையை நீட்டினார். "அந்த வெறும் புகார்ங்கிற பேரை எடுத்துடும்மா. பொதுக் கருத்துன்னு ஒண்ணு போடு."

"புறாவை எதுல சார் போடுறது?"

தலை வெளியே போயிற்று.

பட்டியலக்கா 'வெறும்' என்று தொடங்கிய வரிகள் அனைத்தையும் ஒவ்வொன்றாகப் படித்து, அவற்றுக்குரிய பிரிவில் சேர்த்தார். நிலுவை ஐம்பத்தொன்றாயிற்று. தையல்காரம்மாவின் மூன்று வரிகளும் தண்ணீருக்கு வந்தன, சரியான தேதியோடும், தாமதமாகச் சேர்த்தது என்ற குறிப்போடும். தொட்டியை அதற்குள் மூன்றுமுறை கழுவியிருந்தனர். ஆனாலும் அவற்றின் முன்னால் 'முடிந்தது' என்று அவர் தட்டவில்லை. வாடை போய்விட்டது என்று நான்காம் மாடியிலிருந்து இன்னும் யாரும் வந்து சொல்லவில்லை.