பகலில் துடைக்க வேண்டிய கண்ணாடி

கல்முனை பசாரில் நான் வேலை செய்த புடவைக்கடையின் முகப்பு முழுவதும் கண்ணாடி. காலையில் கடையைத் திறந்ததும் அதைத் துடைப்பது என் பொறுப்பு. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். புடவை மடிக்கவும் கண்ணாடி துடைக்கவும் யாரும் சான்றிதழ் கேட்பதில்லை. காலையில் துடைத்தால் பின்னேரம் ஆகுமுன் கடற்காற்று உப்பைக் கொண்டுவந்து மறுபடியும் பூசிவிடும். அடுத்த நாள் மீண்டும் துடைப்பேன்.

எல்லாச் சாமானும் விலை ஏறிய வருடம் அது. காஸுக்கு வரிசை, பெற்றோலுக்கு வரிசை, பகலிலும் இரவிலும் கரண்ட் வெட்டு. சம்பளம் கைக்கு வந்த கிழமையே கரைந்துவிடும். என் மனைவி குசினியில் நின்றபடியே சாப்பிடத் தொடங்கியிருந்தாள். தன் கோப்பையில் எவ்வளவு சோறு இருக்கிறது என்பதை நான் பார்த்துவிடக் கூடாது என்பதற்காக. நான் பார்த்துவிட்டேன், பார்க்காதவன்போல் இருந்தேன். எனக்குப் பிறவியிலேயே பயந்த மனம். கடையை மூடிவிடுவார்கள் என்று ஒரு பயம், மூடாவிட்டால் ஆளைக் குறைப்பார்கள் என்று இன்னொரு பயம். குறைப்பதென்றால் யாரைக் குறைப்பார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை.

அந்த நாட்களில் புடவை எடுக்க வந்த வயதான உம்மா ஒருவர் கடைக் கண்ணாடியை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"முதலாளி, இதத் துடைக்கிறது ஆரு? எங்கட வீட்டுக்கும் அனுப்பேலுமா?"

முதலாளி சிரித்தார். "இவன்தான். கொண்டு போங்க. புடவை விக்கிறதவிட அதத்தான் நல்லாச் செய்றான்."

அது பகிடிதான். ஆனால் நான் அதைப் பிடித்துக்கொண்டேன். வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ தொழுகை முடிந்த பிறகுதான் கடை திறக்கும். அந்தக் காலை நேரம் என்னுடையது. பெயின்ட் அடிக்கும் மச்சானிடம் இரவல் வாங்கிய ஏணி, வீட்டிலிருந்து வாளி, நான் உடுத்திக் கிழிந்த பழைய சாரத்துத் துண்டுகள், கடையில் வாங்கிய ஒரு ரப்பர் வைப்பர். ஏணியைத் தோளில் மாட்டிக்கொண்டு சைக்கிளில் போனால், பின்னால் வரும் பஸ்காரன் ஹோனை அடித்துக்கொண்டே இருப்பான்.

அந்த உம்மாவின் வீடு சாய்ந்தமருதில், கடற்கரைப் பக்கம். மகளுக்குச் சீதனமாகக் கட்டிய மாடி வீடு. மருமகன் கத்தாரில். உம்மாவும் மகளும்தான் இருந்தார்கள். வாசலில் பெரிய ரோடு. மேல் மாடி யன்னல்களெல்லாம் நீலக் கண்ணாடி, வெளியே நிற்பவனுக்கு அவன் முகம் மட்டும் தெரியும், உள்ளே இருப்பவர்களுக்கு எல்லாம் தெரியும். எங்கள் பக்கத்தில் புது வீடுகளுக்கு அந்தக் கண்ணாடியைத்தான் போடுகிறார்கள். திரையை இழுத்து மூடாமலே பெண்கள் காற்றாட நடமாடலாம்.

ஏறுவதற்கு முன் நான் பயந்தவை எத்தனையோ. ஏணி சறுக்கும், கண்ணாடி வெடிக்கும், கீறல் விழும், நாய் வரும். எல்லாவற்றையும்விடப் பெரிய பயம், அந்நிய ஆண் ஒருவன் பெண்கள் இருக்கும் வீட்டின் மாடி யன்னலில் நிற்பது. ஆகவே தேங்காய் பறிக்கிறவர்கள் மரத்தில் ஏறுமுன் சத்தம் வைப்பதுபோல, நானும் கீழே நின்று, "யன்னலுக்கு ஏறுறன்!" என்று கத்துவேன். ரோட்டில் போகிற பிள்ளைகள் அதேபோல் கத்திவிட்டு ஓடுவார்கள். பரவாயில்லை, கேட்டால் சரி.

ஏறி நின்றால் என் முகம். பயந்தவன் தன் முகத்தையே மணிக்கணக்கில் பார்த்துக்கொண்டு வேலை செய்வது ஒரு தண்டனை. உள்ளிருந்து அந்த உம்மாவின் குரல் மட்டும் வரும்.

"மனே, மூக்குல நுரை இரிக்கி."

"எங்க உம்மா?"

"மூக்குலதான். வேற எங்க? கண்ணாடிக்கு முன்னால நிண்டுக்கிட்டு என்னட்டக் கேக்குறாய்."

வேலை பிடித்துப்போய், இரண்டு மூன்று வீட்டுக்காரர்கள் கேட்டார்கள். மனைவி மறுபடி என்னோடு உட்கார்ந்து சாப்பிட்டாள். அப்போது நோன்பு மாதம் வந்தது.

பெருநாளுக்குப் புடவை எடுக்காதவர்களும் இல்லை, யன்னல் துடைக்க நினைக்காதவர்களும் இல்லை. என் இரண்டு வேலைக்கும் ஒரே பருவம் என்பதை நான் யோசித்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமையும் காலையிலேயே கடை திறந்தார்கள். மூன்று வீட்டுக்குப் பெருநாளைக்கு முன் முடிப்பதாக வாக்குக் கொடுத்திருந்தேன். இரண்டை எப்படியோ முடித்தேன். சாய்ந்தமருது வீட்டு மேல் மாடியில் பாதி யன்னல்கள் மிஞ்சின.

நோன்பு துறக்க வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி பின்னேரத்தில் எங்களைக் கொஞ்ச நேரம் விடுவார். வீட்டுக்குப் போகாமல் அந்த நேரத்தில் ஏணியோடு சாய்ந்தமருதுக்குப் போனேன். கரண்ட் இல்லை. வீடு இருட்டு. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. கீழே நின்று கத்தினேன். உம்மா வீட்டின் கீழ்ப் பகுதியிலிருந்து, "ஏறு மனே, கெதியா முடி, பாங்கு சொல்லப் போகுது" என்றார். மகள் மேலே குளியலறையில் இருந்தது அவருக்கும் தெரியாது. திரைகளையெல்லாம் பெருநாளுக்காகத் தோய்க்கக் கழற்றியிருந்தார்கள்.

ஏறினேன். என் முகம்தான் தெரிந்தது, உதடு காய்ந்து வெடித்துப்போய். சவர்க்காரத் தண்ணீரைக் கண்ணாடி மறைய நுரையாகப் பூசி, வைப்பரை மேலிருந்து கீழே இழுத்தேன். இழுத்து முடிந்த நொடியில் கரண்ட் வந்தது.

என் முகம் இருந்த இடத்தில் ஒரு பெண் நின்றாள். முக்காடு இல்லை. குளித்துவிட்டு வந்து ஈரத் தலைமுடியைத் துவாயால் துவட்டிக்கொண்டு, ஒரு கை தூரத்தில் நின்றாள். அறையில் எல்லா லைட்டும் எரிந்தன. வெளியே இருண்டு, உள்ளே வெளிச்சம் வந்தால் அந்தக் கண்ணாடி மறுபக்கம் திரும்பிவிடும் என்பது எனக்குத் தெரியாது. பகலில் மட்டுமே துடைத்தவன் நான். இருட்டும் நேரத்தில் அதன் முன் நின்றதே அன்றுதான். அவள் அலறினாள். நான் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டே ஏணியிலிருந்து இறங்கினேன். கடைசிப் படி எங்கே என்று தெரியாமல் விழுந்தேன்.

பள்ளிவாசலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் அத்தனை பேரும் வாசலில் கூடினார்கள். பக்கத்து வீட்டிலிருந்து அந்த உம்மாவின் தம்பி, அண்ணன் முறையில் நானா என்று நாங்கள் கூப்பிடுபவர், ஓடிவந்து என் கொலரைப் பிடித்தார்.

"மேல என்னத்தப் பார்த்தாய்?"

"கண்ணாடிய, நானா. அல்லாஹ் மேல ஆணையா கண்ணாடியத்தான்."

பின்னாலிருந்து ஒருவன், "கரண்ட் வந்த கையோட படமும் ஓடிச்சாக்கும்" என்றான். சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் என்னை உடைத்தது. அடித்திருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்த நேரத்தில் பள்ளிவாசலில் நோன்பு துறக்கும் பாங்கு கேட்டது. கொலரைப் பிடித்த கையை விடாமலே அவர் மறு கையால் தன் சட்டைப் பையிலிருந்து ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து என் வாயருகே நீட்டினார்.

"முதல்ல நோன்பத் துற. மறுகா கதைப்பம்."

துறந்தேன். கொட்டையைக் கைக்குள் வைத்துக்கொண்டேன். கூட்டம் பள்ளிக்குக் கலைந்தது. அவரும் கையை எடுத்துவிட்டுத் தொழப் போனார்.

ஏணியை வீட்டில் வைத்துவிட்டு நான் கடைக்குப் போய்ச் சேருமுன் செய்தி கடைக்குப் போய்விட்டது. முதலாளி என்னைப் பெண்கள் பகுதியிலிருந்து எடுத்து, ஆண்களுக்குச் சாரம் விற்கும் மூலைக்கு அனுப்பினார். காரணம் சொல்லவில்லை. எனக்குத் தெரியும். பெண்கள் புடவை எடுக்கும் கடையில், யன்னலால் பார்த்தவன் என்று பெயர் எடுத்த ஒருவனை யார் வைத்திருப்பார்? அந்தப் பெயர் நின்றுவிட்டால் கடையும் இல்லை, யன்னலும் இல்லை. ஊரில் ஒரு வாசலிலும் எனக்கு நிற்க இடமில்லை. சாரங்களை மடித்தேன், பிரித்தேன், மறுபடி மடித்தேன்.

அடுத்த நாள் காலை அந்த உம்மா எனக்கு ஃபோன் எடுத்தார். திட்டப் போகிறார் என்று நினைத்து, பேசாமல் காதில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"மனே, இரிக்கிறியா?"

"ஓம் உம்மா."

"யன்னல்ல பாதி பளபளண்டு மின்னுது. பாதி உப்புப் பூத்துக் கிடக்கு. ரோட்டால போற ஆக்கள் எல்லாம் நிண்டு பார்த்துட்டுப் போறாங்க. அந்தப் பாதிய அப்பிடியே விட்டா, நேத்து என்னமோ நடந்ததாத்தான் ஊர் சொல்லும். என்ட புள்ளையத்தான் கதைப்பாங்க, உன்ன மட்டும் இல்ல. வந்து முடி. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு வா. நல்ல வெயில்ல, எல்லாரும் பார்க்க வா."

முதலாளியிடம் கேட்டேன். பெருநாளுக்கு முந்தைய நாட்கள். கடையில் கால் வைக்க இடமில்லை.

"இப்பயா?" என்றார். "போறண்டாப் போ. இண்டைக்குப் போனா, பெருநாள் முடிஞ்ச பிறகும் வரத் தேவையில்ல."

கையிலிருந்த சாரத்தை மடித்து வைத்தேன். பயந்தவன் ஒரு முடிவை எடுப்பதில்லை, எந்தப் பயம் பெரியதோ அது அவனைத் தள்ளும். வெளியே வந்துவிட்டேன்.

வீட்டில், காலையில் அந்த ஃபோனைக் கேட்டிருந்த மனைவி அபாயாவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏணிய நான் பிடிக்கிறன்."

"நீயா? ஆக்கள் என்ன சொல்லுவாங்க?"

"இப்ப சொல்லாமயா இரிக்கிறாங்க? நடங்க."

ஓட்டோவுக்குப் பணமில்லை. இரண்டு பேரும் ஏணியின் இரு நுனியையும் பிடித்துக்கொண்டு பெரிய ரோட்டால் நடந்தே போனோம். கடை வாசல்களில் நின்றவர்கள் பேச்சை நிறுத்தினார்கள். அவள் தலையைக் குனியவில்லை. நான்தான் குனிந்தேன்.

லுஹர் வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டியது. ஏணியைச் சாத்தினோம், கத்தினேன், ஏறினேன். அவள் கீழே இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். எதிர் வேலியில் நாலைந்து பேர் சேர்ந்தார்கள். அந்த உம்மாவின் தம்பியும் வந்து கையைக் கட்டிக்கொண்டு நின்றார். என் முதுகு முழுவதும் அவர்கள் கண்கள். உள்ளே யாராவது இருந்தார்களா, இல்லையா என்று எனக்குத் தெரியாது. கண்ணாடியில் என் முகம் அழுவதுபோல் இருந்தது, வேர்வைதான். முதல் யன்னலை முடித்தேன். இரண்டாவதை முடித்தேன். மூன்றாவதைத் தொடங்கினேன். கடை போய்விட்டது என்பது அப்போதுதான் உறைத்தது. நாளைக்கு என்ன, நாளை மறுநாளைக்கு என்ன என்று மனம் ஓட, வைப்பர் நேராக இறங்காமல் வளைந்துபோனது.

"டேய்."

அந்த உம்மாவின் தம்பியின் குரல். நான் திரும்பவில்லை. ஏணியைப் பிடித்திருந்த மனைவியின் கை இறுகியது எனக்கு மேலே தெரிந்தது.

"வலப் பக்க மூலையில ஒரு கோடு கிடக்கு."

"எங்க நானா?"

"இன்னும் மேல. அங்கால. ஆ, அதுதான். வடிவாத் துடை."

துடைத்தேன். வேலியருகே நின்றவர்களில் ஒருவர் ஏதோ சொல்லிவிட்டு நடந்தார், மற்றவர்களும் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். அவர் மட்டும் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார், கோடு போய்விட்டதா என்று. நான் இறங்கினேன். மனைவியும் நானும் ஏணியைத் தூக்கி அடுத்த யன்னலுக்குச் சாத்தினோம்.