ஊசியக்கா திருத்திய கட்டுரை

ஊசியக்காவுக்கு யாரையும் சுலபத்தில் பிடிக்காது. சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நர்ஸ் வேலை. பெட்டியைத் தோளில் மாட்டிக்கொண்டு அவள் தெருவில் இறங்கினால், பிள்ளைகள் அழ ஆரம்பிப்பதற்கு முன்பே தாய்மார்களின் முகம் சுருங்கிவிடும். "போன மாசம் ஏன் வரல? உன் மறதிக்குப் பிள்ளை ஏன் அனுபவிக்கணும்?" என்று வாசலிலேயே பிடித்துக்கொள்வாள். அவள் திட்டுக்குப் பயந்தே அந்த வட்டாரத்தில் ஒரு குழந்தைக்கும் தடுப்பூசி தவறியதில்லை. டாக்டரே இதைச் சிரித்துக்கொண்டு சொல்வார், அவள் பக்கத்தில் இல்லாதபோது.

யாரையும் பிடிக்காது என்பது பொதுவிதி. மேல்மாடிக்காரியைப் பார்த்தால் பற்றிக்கொண்டு வரும் என்பது தனிச் சட்டம். மேல்மாடிக்காரி வேறு யாருமில்லை, சொந்த ஓரகத்திதான்; கணவருடைய தம்பியின் மனைவி. தம்பிக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி கடலில் போய்விடும். சின்னவளான அவள் அதே சுகாதார நிலையத்தில் ரத்தம் எடுத்துப் பரிசோதிக்கும் லேப் டெக்னீஷியன். ஒரே வீடு, ஒரே ஆபீஸ், ஏறி இறங்க ஒரே படிக்கட்டு. பேச்சுவார்த்தை மட்டும் கிடையாது.

பகைக்குக் காரணம் தண்ணீர்த் தொட்டி. கல்யாணமாகி வந்த புதிதில் சின்னவள் வீட்டுத் தொட்டித் தண்ணீரை ஒரு சீசாவில் பிடித்துக்கொண்டு போய் லேபில் வைத்துப் பார்த்தாள். பார்த்தது தப்பில்லை. ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது, "அந்தத் தண்ணிய யாரும் குடிக்காதீங்க, கிருமி இருக்கு" என்று சொன்னாள் பாருங்கள், அதுதான் தப்பு. தொட்டி கழுவும் பொறுப்பு ஊசியக்காவுடையது. ஊருக்கெல்லாம் சுகாதாரம் சொல்கிறவளுக்குச் சொந்தப் பந்தியில் மூக்குடைபட்டது. அன்றோடு இவளும் பேச்சை நிறுத்தினாள், அவளும் நிறுத்தினாள்.

இருவருக்கும் நடுவில் தூது போகும் உத்தியோகம் ஊசியக்காவின் கணவருக்கு வாய்த்தது. மின்சார மீட்டர் கணக்கெடுக்கிறவர். வீட்டில் அவருக்குச் சமாதானம் என்றே பெயராகிவிட்டது. "தண்ணி மோட்டாரை ராத்திரி பத்து மணிக்குப் போடுறாளே, அறிவிருக்கா அவளுக்கு?" என்று கீழே புறப்படும் வார்த்தை, மேலே போய்ச் சேரும்போது, "மோட்டாரைக் கொஞ்சம் சீக்கிரம் போட்டா நல்லாயிருக்குமாம்" என்று ஆகியிருக்கும். மேலிருந்து வருவதும் அப்படியே வழியில் நகம் வெட்டப்பட்டு வரும். இரண்டு பேரையும் தான்தான் கட்டி மேய்ப்பதாக அவருக்கு உள்ளூரப் பெருமை.

இந்த நிலையில்தான் சுகாதார நிலையத்துக்கு ஒருங்கிணைப்பாளர் பதவி ஒன்று வரப்போவதாகப் பேச்சு எழுந்தது. உள்ளே இருப்பவர்களுக்கே முதல் உரிமை, ஆனால் பொது சுகாதாரத்தில் முதுகலைப் பட்டம் வேண்டும். ஊசியக்கா அன்று மாலையே ஆன்லைன் படிப்பு ஒன்றில் சேர்ந்தாள். பொந்துபோன்ற லேபில் உட்கார்ந்திருக்கிறவள் தனக்கு மேலதிகாரியாவதா என்ற ஒரே எரிச்சல் போதுமானதாக இருந்தது. முதல் வகுப்பில் திரையைத் திறந்தால், கட்டம் கட்டமாகத் தெரிந்த முகங்களில் மேல்மாடிக்காரியின் முகமும் இருந்தது.

சனிக்கிழமைக் காலைகளில் நடந்த வகுப்பு அந்த வீட்டுக்குத் திருவிளையாடலாகிவிட்டது. வைஃபை பெட்டி படிக்கட்டின் நடுவில் இருந்தது. யார் பக்கமும் சாயாமல் சமாதானம் ஆணியடித்து மாட்டிய இடம். ஊசியக்கா மைக்கைத் திறந்து ஏதாவது பதில் சொன்னால், அந்தக் குரல் மாடியில் இருந்த கணினி வழியாகக் கீழே இறங்கி வந்து, மறுபடி இவளுடைய மைக்கில் புகுந்து, வகுப்பு முழுக்க இரண்டு முறை கேட்கும். வகுப்பெடுத்த மேடம் ஒருநாள் பொறுமையிழந்து, "உங்க ரெண்டு பேர் குரலும் ஒண்ணோட ஒண்ணு மோதுது. ஒரே ரூம்லயா இருக்கீங்க?" என்று கேட்டார்.

"இல்லங்க மேடம். அவங்க யாருன்னே எனக்குத் தெரியாது" என்றாள் ஊசியக்கா. அந்தப் பதிலும் மாடியிலிருந்து ஒருமுறை கேட்டது.

படிப்பு லேசாக இல்லை. புள்ளியியல் அவளைப் போட்டு வாட்டியது. திரையில் எழுத்துகள் மங்கின. கண்ணாடி மாற்றினாள், புதுக் கண்ணாடியும் சரியில்லை என்று கடைக்காரனோடு சண்டை போட்டாள். நாக்கு எப்போதும் வறண்டு கிடந்தது. நாள் முழுக்க ஊர்வாயோடு மல்லுக்கட்டினால் வறளாமல் என்ன செய்யும் என்று செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தாள். செருப்புக் கடித்த புண் ஆறவில்லை, செருப்பை மாற்றினாள். உடம்பு அடித்துப்போட்டதுபோல் இருந்தது. எல்லாப் பழியையும் படிப்பின் தலையில் போட்டாள். படிப்பு வாயில்லாப் பூச்சி, வாங்கிக்கொண்டது.

இதற்கிடையில் ஆபீசில் ஊழியர்களுக்கான மருத்துவப் பரிசோதனை நடந்தது. கட்டாயம் என்பதால் கையை நீட்டி ரத்தம் கொடுத்தாள், முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு. முடிவை லேபுக்குப் போய் வாங்கிக்கொள்ள வேண்டும் என்றார்கள். லேப் என்றால் அவள். "என் உடம்பு எனக்குத் தெரியாதா? அவ சொல்லித்தான் தெரிஞ்சுக்கணுமா?" என்று விட்டுவிட்டாள். சமாதானத்திடம் மட்டும், "மேல ஏதாவது சொன்னாளா?" என்று கேட்டுவைத்தாள். "ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நல்லாத்தான் இருக்காம்" என்றார் அவர், மீட்டர் கணக்கைப் பார்த்தபடி.

படிப்பின் கடைசிப் பருவத்தில் ஒரு கட்டுரை. ஒரு தனிமனிதரின் உடல்நலச் சிக்கலை எடுத்துக்கொண்டு, அது ஏன் தீராமல் இருக்கிறது என்று ஆராய வேண்டும். அதைத் திருத்துவது மேடமல்ல; ஒருவர் எழுதியதை இன்னொரு மாணவர் பெயர் தெரியாமல் திருத்துவார். இதில் தேறாதவர் அந்தப் பருவத்தை மறுபடி படிக்க வேண்டும். பதவிக்கான நேர்காணலோ இந்தப் பருவம் முடிந்த கையோடு. இருவரில் யார் இதில் வழுக்கினாலும் நாற்காலி மற்றவளுக்கு.

திருத்த வந்த கட்டுரையை ஊசியக்கா ஞாயிற்றுக்கிழமை மதியம் திறந்தாள். எழுதியவர் யார் என்று இல்லை. நோயாளி ஒரு பெண், சுகாதார ஊழியர். சர்க்கரை ஏறிக் கிடக்கிறது. பார்வை மங்குகிறது, காலில் புண் ஆறவில்லை, ஆனாலும் மருத்துவரிடம் போகவில்லை. தெருத்தெருவாகப் போய் மற்றவர்களுக்குப் புத்தி சொல்கிறார். ஊசியக்காவுக்கு ரத்தம் கொதித்தது. ஓரத்தில் குறிப்பு எழுதும் இடத்தில் கிழிகிழியென்று கிழித்தாள். 'இப்படிப்பட்டவர் சுகாதாரத் துறைக்கே அவமானம்.' இரண்டு பத்தி தள்ளி, 'வீட்டில் இருப்பவர்களுக்குக் கண் இல்லையா?' அதற்குக் கீழே, 'கணவர் என்ன செய்துகொண்டிருந்தார்?' கட்டுரை என்னவோ நன்றாகத்தான் இருந்தது. நோயாளி மீதுதான் அவளுக்கு ஆத்திரம்.

நோயாளியின் அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வி எல்லாக் கட்டுரைக்கும் உண்டு. அனுமதி இல்லையென்றால் மற்ற மதிப்பெண் எவ்வளவு இருந்தாலும் கட்டுரை செல்லாது. இந்தக் கட்டுரையில் அந்த இடத்தில் இப்படி இருந்தது: 'நோயாளியும் நானும் ஒரே வீட்டில் கீழும் மேலுமாக வசிக்கிறோம். எங்களுக்குள் பேச்சு இல்லாததால், பரிசோதனை முடிவும், மருத்துவரைப் பார்க்கச் சொன்ன அறிவுரையும், இக்கட்டுரைக்கான அனுமதியும் அவருடைய கணவர் மூலமே பரிமாறப்பட்டன. பார்த்துக்கொள்வதாகவும், எழுதிக்கொள்ளலாம் என்றும் நோயாளி பதில் சொல்லி அனுப்பினார். இருந்தும் அலட்சியமாகவே இருக்கிறார்.'

ஊசியக்கா அதைத் திரும்பப் படித்தாள். பிறகு, தான் எழுதிய குறிப்புகளை மேலிருந்து ஒவ்வொன்றாகப் படித்தாள். பயந்துபோனாள். அவள் வாழ்க்கையில் கோபம் வராமல் பயம் மட்டும் வந்த தருணம் அநேகமாக அது ஒன்றுதான். அதுவும் நிலைக்கவில்லை.

சமாதானம் கூடத்தில் காலை நீட்டிச் செய்தித்தாள் படித்துக்கொண்டிருந்தார்.

"மேல இருக்கறவ என் ரத்தத்தைப் பத்தி உங்ககிட்ட என்ன சொன்னா?"

"எப்ப?"

"எப்பவா? ஒரு தடவைக்கு மேல சொன்னாளா அப்ப?"

செய்தித்தாள் மடிந்தது. "சுகர் கொஞ்சம் ஜாஸ்தின்னு சொன்னா. உன்கிட்ட சொன்னா, அவ யாரு என் உடம்பப் பத்திப் பேசன்னு நீ மாடி ஏறிடுவ. வீட்டுல ரகளை வேணாமேன்னு பாத்தேன். உனக்கே தெரியாமலா இருக்கும், நீ நர்ஸ்தானேன்னு..."

"அவகிட்ட என்ன சொன்னீங்க?"

"பாத்துக்கறாளாம்னு சொன்னேன்."

"கட்டுரைக்கு?"

"எழுதிக்கட்டும்னு சொன்னதாச் சொன்னேன். படிப்பு விஷயம்தானே, அதுல என்ன..."

"நான் செத்தாலும் மேல போய், நல்லா தூங்கறாளாம்னு சொல்லியிருப்பீங்க."

அந்த வீட்டில் இத்தனை வருஷமாகச் சண்டை வராமல் பார்த்துக்கொண்ட மனிதருக்குத் தன் பங்குச் சண்டையை எப்படிப் போடுவது என்று தெரியவில்லை. ஊசியக்கா அவருக்கு அதைக் கற்றுக்கொடுக்க நேரம் செலவழிக்கவில்லை. திருத்திய கட்டுரையை அனுப்பக் கடைசி நாள் மறுநாள்தான்.

மறுநாள் காலை, தடுப்பூசிப் பெட்டியை மேசையிலேயே வைத்துவிட்டு, லேப் வாசலில் போய் நின்றாள். குழாய்களுக்குப் பெயர்ச்சீட்டு ஒட்டிக்கொண்டிருந்த சின்னவள் நிமிர்ந்து பார்த்தாள். வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"ரத்தம் எடு" என்றாள் ஊசியக்கா. தொட்டி விவகாரத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

சின்னவள் ஒன்றும் கேட்காமல் நாற்காலியைக் காட்டினாள். கையில் பட்டையைக் கட்டினாள், நரம்பைத் தேடினாள், குத்தினாள். இந்த முறை ஊசியக்கா ஜன்னல் பக்கம் திரும்பவில்லை. பஞ்சை மடித்து வைத்துக்கொண்டு, இயந்திரம் முடிவு சொல்லும்வரை இருவரும் எதிரெதிராக உட்கார்ந்திருந்தார்கள். வெளியே யாரோ பிள்ளையைத் தூக்கிக்கொண்டு, ஊசிக்கார அக்கா எங்கே என்று கேட்பது கேட்டது.

"முந்நூத்திப் பத்து" என்றாள் சின்னவள். "அப்பவே இருநூத்தி அறுபது இருந்துச்சு. மாமாகிட்ட மூணு தடவை சொல்லி அனுப்பினேன்."

"ஒரு தடவைகூட வந்து சேரல."

"பாத்துக்கறதா நீங்க சொன்னீங்கன்னு சொன்னாரே."

"நான் எதுவும் சொல்லல. எழுதச் சொல்லவும் இல்ல."

"எழுத..." என்று ஆரம்பித்தவள் பாதியில் புரிந்துகொண்டாள். "உங்ககிட்டயா வந்துச்சு?"

"என்கிட்டதான். அலட்சியம்னு எழுதியிருக்க."

"தெரிஞ்சே திமிர்ல சுத்துறீங்கன்னு நினைச்சேன். திமிர்னு எழுதக் கூடாதுன்னுதான் அலட்சியம்னு போட்டேன்."

"நல்ல மனசு."

"ஊருக்கெல்லாம் புத்தி சொல்றவங்க, என் லேப் வாசல்ல வந்து ஒரு காகிதம் வாங்கறதுக்கு கௌரவம் பாத்தீங்க. அது பொய்யா?"

அது பொய்யில்லை. அதனாலேயே ஊசியக்காவுக்கு இன்னும் எரிந்தது. "அனுமதி வாங்கினதா எழுதியிருக்கியே, அது பொய்."

"வாங்கினேன்னு நினைச்சேன்."

"வாங்கல. இப்ப கேளு."

சின்னவள் பெயர்ச்சீட்டுக் கட்டைத் திருப்பித் திருப்பி வைத்தாள். கல்யாணமாகி வந்ததிலிருந்து இவளிடம் அவள் எதையும் கேட்டதில்லை, ஒரு கரண்டிகூட. கேட்காவிட்டால் கட்டுரை செல்லாது, பருவம் போகும், பதவி போகும். அது இருவருக்குமே நன்றாகத் தெரிந்தது.

"அந்தக் கட்டுரைக்கு அனுமதி கொடுப்பீங்களாக்கா?"

"மாட்டேன்" என்றாள் ஊசியக்கா.

தன் கைபேசியை எடுத்துக் கட்டுரையைத் திறந்தாள். ஓரக் குறிப்புகளை எல்லாம் அழித்தாள். எழுத்துக்கும் ஆராய்ச்சிக்கும் முழு மதிப்பெண் போட்டாள். அதில் ஓரவஞ்சனை செய்ய அவளால் முடியவில்லை. அனுமதி என்ற இடத்தில் 'இல்லை' என்பதைத் தொட்டு, சின்னவள் பார்க்கும்படியாகவே அனுப்பினாள். விதிமுறை ஊசியக்காவின் பக்கம் இருந்தது. நாற்காலியும் இனி அவள் பக்கம்தான். இவ்வளவு நாள் எதிர்பார்த்துக் கிடந்த சந்தோஷம் ஏன் வரவில்லை என்று அவளுக்கே எரிச்சலாக இருந்தது.

சின்னவள் அழவுமில்லை, கத்தவுமில்லை. முடிவைத் தாளில் எழுதி மேசையில் அவள் பக்கமாகத் தள்ளினாள். "இதை எடுத்துட்டு இப்பவே டாக்டரப் பாருங்க. கால் புண்ணையும் காட்டுங்க. நாளைக்குக் காலையில மறுபடி ரத்தம் எடுக்கணும். வெறும் வயித்துல வரணும், காபிகூடக் குடிக்கக் கூடாது."

"தெரியும். நான் நர்ஸ்."

"தெரியும்னுதான் போன தடவையும் நினைச்சேன்."

ஊசியக்கா தாளை எடுத்துக்கொண்டு எழுந்து கதவுவரை போனாள்.

"எத்தனை மணிக்கு வரணும்?" என்று கேட்டாள், திரும்பாமலே.