வேற மருந்து ஏதாவது

என் மனைவி செத்ததை என் அக்கா பரீட்சைக் கேள்வியாக்கினாள். அக்காவும் போய் ஒரு மாதம் ஆகிறது. அந்தக் கோபம் மட்டும் பதினோரு வருஷமாக என் தொண்டையில் முள்ளாகக் கிடக்கிறது.

அக்கா பல்கலைக்கழகத்தில் மருந்தாளுநர் படிப்புக்குப் பாடம் எடுத்தவள். நான் ஏழாவதோடு நிறுத்திவிட்டு பஸ் டிப்போவில் பிரேக் வேலை பார்க்கிறவன்.

நடந்தது இதுதான். மனைவிக்கு இதயக் கோளாறு. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார்கள். வாங்கப் போனவன் நான்தான். கடையில் இருந்த பையன், "வேற மருந்து ஏதாவது சாப்பிடுறாங்களா?" என்று கேட்டான். இல்லை என்றேன். பொய் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் மருந்து என்றால் பாட்டிலில் வருவது. மூட்டு வலிக்கு அவள் இரண்டு வேளையும் போட்டுக்கொண்டிருந்தது மாத்திரை. இரண்டும் சேர்ந்து வயிற்றுக்குள் ரத்தம் கசிந்து, பதினேழாம் நாள் போய்விட்டாள்.

அந்தப் பையன் அக்காவிடம் படித்தவன். அவனை அவள் ஒரு வார்த்தை திட்டவில்லை. "நான் சொல்லிக் கொடுத்த மாதிரியே கேட்டிருக்கான்டா. தப்பு அங்கதான் இருக்கு" என்றாள். அடுத்த பரீட்சைத் தாளில் வந்தது: பெண், வயது நாற்பத்தொன்று, கணவர் பஸ் மெக்கானிக்.

இரண்டு வருஷம் அவளோடு பேசவில்லை. பிறகு அவளே டிப்போவுக்கு வந்து, கிரீஸ் படிந்த பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"தாள்ல வெச்சா பிள்ளைங்க சீனியர்கிட்ட விடையை வாங்கிடுறாங்க. நீ வகுப்புல வந்து உட்காரு."

"நான் என்ன பொம்மையா, வேடிக்கை காட்ட?"

"நடிக்க வேண்டாம். அன்னிக்குச் சொன்னதையே சொல்லு."

"என் பொண்டாட்டி செத்ததுக்கு நீ மார்க் போடணும். அதானே?"

"ஆமா. போடணும்" என்றாள்.

போனேன். ஏன் போனேன் என்று இன்றும் தெரியாது. நீளமான அறை, வெள்ளைக் கோட்டுப் பிள்ளைகள், எனக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி, கையில் பழைய மருந்துச் சீட்டு. ஆறு குழுக்கள். எடை கேட்டார்கள், வயது கேட்டார்கள், "வேற மருந்து ஏதாவது?" என்றும் கேட்டார்கள். இல்லைங்க என்றேன். டிக் அடித்துக்கொண்டார்கள். ஒரே காலையில் ஆறு தடவை அவளைக் கொன்றேன்.

"இவர் மனைவி இறந்துட்டாங்க. ஏன்?" என்று மட்டும் அக்கா கேட்டாள். தலையணை போலத் தடித்த புத்தகங்களைப் புரட்டினார்கள். எந்த மாத்திரையோடு எது சேரக்கூடாது என்று அதில் எல்லாம் இருந்தது. என் வீட்டு அலமாரியில் என்ன இருந்தது என்று இல்லை. கடைசியில் ஒரு பெண் புத்தகத்தை மூடிவிட்டு வந்தாள். "ஐயா, காலையில எழுந்ததுலேர்ந்து படுக்கிற வரைக்கும் அவங்க என்னென்ன முழுங்குவாங்க? வலிக்கு, தூக்கத்துக்கு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க" என்றாள்.

சொன்னேன். அவள் எழுதவில்லை. பேனாவை மூடிவிட்டாள்.

அதன்பிறகு வருஷா வருஷம் போனேன். யாராவது அப்படிக் கேட்டால் வீட்டுக்கு வந்து சாப்பிடுவேன். கேட்காத வருஷங்களே அதிகம். அக்காவோடு பேச்சு வந்ததே தவிர கோபம் போகவில்லை. அந்தக் கடை இருக்கிற தெருவைச் சுற்றிக்கொண்டுதான் டிப்போவுக்குப் போவேன்.

அக்காவுக்குக் குடலில் புற்று. கடைசி வாரம் குரல் காற்றாகத்தான் வந்தது. தலையணைக்கடியிலிருந்து ஒரு மருந்துச் சீட்டை உருவி நீட்டினாள்.

"இதை அந்தப் பையன் கடையில வாங்கிட்டு வா."

"ஊர்ல வேற கடையே இல்லையா?"

"இருக்கு. அவன் இப்ப எப்படிக் கேக்குறான்னு எனக்குத் தெரியணும். நீயா எதையும் எடுத்துக் கொடுக்காதே. அவன் என்ன கேட்டானோ, அதை ஒரு வார்த்தை மாத்தாம வந்து சொல்லு."