சுகந்தி அக்கா தானாக விலகவில்லை

சுகந்தி அக்கா இறந்த செய்தி, அவருடைய படம் ஒன்றைக் கேட்டு வந்த குறுஞ்செய்தியாகத்தான் என்னிடம் வந்தது. லண்டனின் சட்டன் பகுதியில் நான் வேலை செய்யும் பிசியோ கிளினிக்கில் ஒரு முதியவரின் தோளை மெதுவாக உயர்த்திக்கொண்டிருந்தேன். கைபேசி அதிர்ந்தது. நான் முன்பு வேலை செய்த கூடைப்பந்துக் கழகத்தின் ஊடகப் பிரிவிலிருந்து ஒரு பெண் எழுதியிருந்தாள். "சுகந்தியின் மறைவால் மிகவும் வருந்துகிறோம். அவர் சிரித்தபடி இருக்கும் படம் ஏதாவது உங்களிடம் உண்டா? இன்று மதியத்துக்குள் கிடைத்தால் நல்லது." அவர் போய்விட்டார் என்பதே எனக்கு அப்போதுதான் தெரியும். என் கை நின்றுவிட்டதைக் கண்ட முதியவர், "என்ன, தோள் உடைந்துவிட்டதா?" என்று கேட்டார்.

அக்காவின் கணவர் குகன் அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். "ஓம் பிள்ளை, காலமை போயிட்டா. உங்களுக்குச் சொல்லத்தான் போனைக் கையிலை எடுத்தனான். அதுக்கிடையிலை ஆரோ பேஸ்புக்கிலை போட்டிட்டினம்" என்றார். சில நாள் கழித்து அவரே கூப்பிட்டு, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு அச்சிடும் நினைவு மலருக்கு ஒரு கட்டுரை கேட்டார். "எல்லாரும் நல்லவா, நல்லவா எண்டு எழுதுவினம். நீங்கள் நடந்ததை எழுதுங்கோ."

நடந்ததைத்தான் எழுதுகிறேன். இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவரை இல்ஃபோர்ட்டில் கடைத்தெருவில் கண்டிருப்பீர்கள், கலியாண வீடுகளில் கண்டிருப்பீர்கள். அவர் வேலை செய்த இடத்தில் கண்டவர்கள் மிகக் குறைவு.

அவர் யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணிக்கு ஆடியவர். ஜெர்மனிக்குப் போய், தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை செய்தபடியே கூடைப்பந்துப் பயிற்றுநர் உரிமம் எடுத்தவர். குகன் அண்ணை இங்கே டயர் கடை தொடங்கியபோது இருவரும் லண்டனுக்கு வந்தார்கள். சிறுவர் அணிகளில் தொடங்கிய அக்கா, சம்பளத்துக்கு ஆடும் ஆண்கள் அணி ஒன்றுக்கு உதவிப் பயிற்றுநராக உயர்ந்தார். நான் அந்த அணியின் பிசியோ. "ஆம்பிளையளுக்குப் பந்து எறியப் பழக்கிறதும் ஒரு பொம்பிளைக்கு வேலையோ?" என்று கேட்ட எங்கள் ஆட்களை நான் அறிவேன். அவர்களில் சிலர் இப்போது அவருடைய படத்தைப் போட்டு, "எம்மினத்தின் பெருமை" என்று எழுதுகிறார்கள். ஒரேயொரு ஆட்டத்துக்காவது வந்திருக்கலாம்.

நான் சேர்ந்த முதல் வாரத்தில், பயிற்சியின்போது அவர் பந்தையே பார்க்காமல் நிற்பதைக் கவனித்தேன். என்ன பார்க்கிறீர்கள் என்று கேட்டேன். "விழுந்தவனை ஆர் தூக்கிவிடினம் எண்டு பாக்கிறன். கூடைக்குள்ளை போட எல்லாருக்கும் தெரியும்" என்றார். அந்த இலையுதிர்காலத்தில் எங்களிடம் பெயர் சொல்லும்படியான ஆட்டக்காரர் எவரும் இல்லை. ஆனாலும் வென்றுகொண்டிருந்தோம்.

அதற்கு ஒரு காரணத்தை நான் கண்ணால் கண்டேன். பந்தை நடத்திச் செல்லும் ஓவனும், கூடைக்குக் கீழே நிற்கும் எங்கள் நெடியவனும் ஏதோ ஒரு தோல்விக்குப் பிறகு ஒருவரோடொருவர் பேசுவதில்லை. நியூகாசிலுக்குப் போன பஸ்ஸில் அக்கா இருவரையும் ஒரே இருக்கையில் உட்காரவைத்தார். வழியில் லீட்ஸ் நகரம் தாண்டும்வரை ஹெட்போன் போடக்கூடாது என்றார். இருவரும் லீட்ஸ்வரை சண்டை பிடித்தார்கள், கெட்ட வார்த்தைகள் உட்பட. அதன்பின் நெடியவன் ஓவனின் தோளில் தலையைப் போட்டுக் குறட்டை விட்டான். அக்கா என் பக்கம் திரும்பி, "சண்டை பிடிக்கிற ரண்டு பேரை வைச்சு டீம் கட்டலாம் பிள்ளை. கதைக்காமல் இருக்கிற ரண்டு பேரை வைச்சு ஏலாது" என்றார். அடுத்தநாள் ஓவன் பாராமலே எறிந்த பந்துகள் நெடியவனின் கையில் போய் விழுந்தன.

பருவத்தின் நடுவில், கழக உரிமையாளர் அமெரிக்காவிலிருந்து மார்லனைக் கொண்டுவந்தார். அவனுடைய ஆட்டத்தைக் குறை சொல்லமாட்டேன். அக்காவும் சொன்னதில்லை. "கெட்டிக்காரன், அதிலை சந்தேகமே இல்லை" என்பார். மற்றவர்கள் கூடையை நிமிர்ந்தும் பார்க்காத தூரத்திலிருந்து அவன் போடுவான். அரங்கம் நிரம்பத் தொடங்கியது. எங்கள் ஆட்டக்காரர் ஓடுவதை நிறுத்தி, அவனை நின்று பார்க்கத் தொடங்கினார்கள். அவன் தவறவிட்டால் இரண்டு கைகளையும் விரித்து மற்றவர்களை முறைப்பான். தோற்றால் நிருபர்களிடம், "இங்கே சிலர் என் தரத்துக்கு இல்லை" என்பான். அவன் உள்ளே வந்தால் என் மேசையில் படுத்திருக்கும் எவனும் எழும்பி இடம் விடவேண்டும். தலைமைப் பயிற்றுநர் கீத், மார்லன் பகிடியைச் சொல்லி முடிக்கும் முன்பே சிரிக்கப் பழகியிருந்தார். அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் கேட்கிறது.

ஒருநாள் ஆட்டத்தின் நடுவே டைம்-அவுட் இடைவேளையின்போது மார்லன் வியர்வை துடைத்த துவாயைப் பாராமலே அக்காவின் மேல் எறிந்தான். அது அவருடைய நெஞ்சில் பட்டு நிலத்தில் விழுந்தது. அக்கா குனியவில்லை. கையிலிருந்த பலகையில் அடுத்த நகர்வுக்கான கோடுகளைத் தொடர்ந்து கீறினார். மார்லன் காத்து நின்றான். ஆட்டக்காரர் எல்லோரும் பலகையை விட்டுவிட்டுத் துவாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசியில் அதை எடுத்தவர் கீத். எடுத்து, மடித்து, மார்லனின் தோளில் போட்டார். ஒரு தலைமைப் பயிற்றுநர்.

பருவ இறுதிச் சுற்றுக்குப் போவதைத் தீர்மானிக்கும் ஆட்டத்துக்கு முன், ஓவனின் கெண்டைக்கால் தசை இழுபட்டிருந்தது. தொட்டாலே முகம் சுளித்தான். ஆடக்கூடாது, ஆடினால் குதிகால் தசைநாண் அறுந்துபோகலாம் என்று கீத்திடம் சொன்னேன். அவர் தன் அறையில் கூட்டம் வைத்தார். மார்லனும் அழைக்கப்படாமலே வந்து கதவில் சாய்ந்து நின்றான். "எனக்கு இடம் எடுத்துத் தருகிறவன் அவன்தான். அவன் ஆடவேண்டும்" என்றான். கீத் என்னைப் பார்த்து, "கொஞ்ச நேரம் மட்டும்?" என்று கேட்டார்.

"பிசியோ கூடாது என்று சொல்லிவிட்டார்" என்றார் அக்கா, ஆங்கிலத்தில், குரலை உயர்த்தாமல். "இனி இந்தக் கூட்டம் எதற்கு?"

கீத் எழுந்தார். நேரே ஓவனிடம் போனார். அந்தக் கோடையோடு ஒப்பந்தம் முடியும் ஒருவன், ஆடுவாயா என்று பயிற்றுநர் கேட்டால் என்ன சொல்வான்?

ஆட்டத்தின் மூன்றாம் கட்டத்தில் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் அது நடந்தது. பலகை முறிந்தது போன்ற சத்தம். யாரோ பின்னாலிருந்து உதைத்துவிட்டதாக எண்ணி ஓவன் திரும்பிப் பார்த்தான். யாருமில்லை. பிறகு விழுந்தான். மார்லன் அவனைத் தாண்டிப்போய் நடுவரோடு வாதாடினான். நான் ஓவனின் காலைக் கட்டிக்கொண்டிருந்தபோது அக்கா குனிந்து, "நீங்கள் நில்லுங்கோ பிள்ளை, மற்றவைக்கு நீங்கள் வேணும். ஆஸ்பத்திரிக்கு நான் போறன்" என்றார். "ஆட்டம் நடக்கிறது, உட்கார்" என்று கீத் கத்தினார். அக்கா ஓவனின் கையைப் பிடித்தபடி ஸ்ட்ரெச்சரோடு வெளியேறினார். அந்த ஆட்டத்தில் நாங்கள் தோற்றோம்.

அக்கா அடுத்த பயிற்சிக்கு வந்தபோது அவருடைய நுழைவு அட்டைக்குக் கதவு திறக்கவில்லை. வேலை போய்விட்ட விஷயத்தைக் காவலாளிதான் சொன்னான். சொல்வதற்குக் கீத் வெளியே வரவில்லை. மாலையில் கழகத்தின் இணையதளத்தில் அறிவிப்பு வந்தது: குடும்பத்தோடு கூடுதல் நேரம் செலவிட விரும்புவதால், பரஸ்பர உடன்பாட்டோடு விலகுகிறார். நான் இல்ஃபோர்ட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனபோது குகன் அண்ணை அதைக் கைபேசியில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. "எந்தக் குடும்பம் பிள்ளை? குடும்பம் நான்தான். நான் பகல் முழுக்கக் கடையிலை டயர் மாத்திக்கொண்டு நிக்கிறன். ஒருக்கால் என்னட்டைக் கேட்டவங்களோ?" அக்கா அடுப்படியிலிருந்து சிரித்தார். அன்று அவர் சிரித்தது அந்த ஒருமுறைதான்.

நானும் அந்தப் பருவத்தோடு அங்கிருந்து வந்துவிட்டேன். அடுத்த மாரிக்குளிரில் அக்காவுக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. கழகத்திலிருந்து எவரும் எட்டிப் பார்க்கவில்லை. ஒப்பந்தம் புதுப்பிக்கப்படாத ஓவன் மட்டும், நொண்டி நொண்டி, சனிக்கிழமைகளில் வந்து அவருடைய கட்டிலருகே உட்கார்ந்து ஆட்டம் பார்ப்பான்.

இறந்த பிறகு எல்லோரும் வந்தார்கள். சொந்த அரங்கில் ஆடும் ஓர் ஆட்டத்தை அவருடைய நினைவுக்கு என்று அறிவித்தார்கள். போகத்தான் வேண்டும் என்று குகன் அண்ணை சொன்னதால் கூடப் போனேன். பெரிய திரையில் அவருடைய படம். பின்னால் வயலின். மௌன அஞ்சலி தொடங்கிச் சற்றைக்குள் ஒலிபெருக்கி இரைந்தது, தொலைக்காட்சிக்கு நேரமாகிவிட்டதாம். மார்லன் மைக்கை வாங்கி, "சுகாண்டி எனக்குத் தாய் மாதிரி" என்றான். கண்ணையும் துடைத்தான். அறிவிப்பாளர், குடும்பத்துக்காகத் தன் தொழிலையே விட்டுக்கொடுத்தவர் என்று அக்காவைப் புகழ்ந்தார். கூட்டம் கைதட்டியது. எனக்கு வாயில் எச்சில் ஊறி, வாந்தி வரும்போல் இருந்தது.

நடைபாதையில் கீத் குகன் அண்ணையின் கையைப் பிடித்து, தன்னால் முடிந்தது எதுவானாலும் கேட்கச் சொன்னார்.

"ஒன்று இருக்கிறது" என்றார் குகன் அண்ணை, தட்டுத்தடுமாறிய ஆங்கிலத்தில். "என் மனைவி தானாகப் போகவில்லை. நீங்கள் அனுப்பினீர்கள். அதை எழுதுங்கள்."

"அது சட்டப் பிரிவின் விஷயம்" என்று சொல்லிக் கையை விட்டார் கீத். யாரோ கூப்பிட்டது போலத் திரும்பி நடந்தார். யாரும் கூப்பிடவில்லை. அந்த அறிவிப்பு இன்றும் அப்படியே கிடக்கிறது. அதனால்தான் இந்த மலரில் எழுதுகிறேன். அது பொய்.

அவரை நான் கடைசியாகப் பார்த்தது ஆஸ்பத்திரியில். பேசக் கஷ்டப்பட்டார். அவர்கள் மேல் இன்னும் கோபமா என்று கேட்டேன். "கோவம் இல்லை" என்றார். கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார். "கோவம் எண்டால் ஆறிடும். இது அருவருப்பு. இதை ஆறவிடக்கூடாது பிள்ளை. ஆறினால் திரும்பவும் அவங்களோடை இருந்து சாப்பிடுவம்."

இறந்தவரின் பெயரால் எல்லாவற்றையும் மறந்துவிடச் சொல்கிறார்கள் சிலர். சென்ற வாரம் கீத் எனக்குத் தொலைபேசி எடுத்தார். புதிய பருவத்துக்குப் பிசியோ தேவையாம், பழையதை மறந்து எல்லோரும் ஒரு குடும்பமாக வேண்டிய நேரமாம். அவருடைய குரலைக் கேட்டதும் தொண்டைக்குள் அந்த அருவருப்பு வந்தது, கசப்பாக, கொஞ்சமும் குறையாமல். அக்கா எனக்கு விட்டுச்சென்றது அதுதான் என்று அப்போது தெரிந்தது. முடியாது என்றேன். ஏன் என்று அவர் கேட்டபோது கைபேசியை வைத்துவிட்டேன். கையைக் கழுவிக்கொண்டு, வெளியே காத்திருந்த நோயாளியை உள்ளே கூப்பிட்டேன்.