டிபன் பாக்ஸில் ஒரு வயிறு

மயிலாப்பூரில் குளத்துக்குப் பக்கத்துச் சந்தில் ஒரு ஆஸ்பத்திரி. அங்கே நான் ஸ்கேன் ரூம் அட்டெண்டர். படிப்பு எட்டாவது பெயில். பெயில் என்பதையும் ஒரு பட்டம் மாதிரிதான் சொல்லிக்கொள்வேன். மூன்று மெஷின்களைத் துடைப்பது, வயிற்றில் தடவும் ஜெல்லை பாட்டிலில் நிரப்புவது, தண்ணீர் குடித்துவிட்டு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவர்களிடம் "இன்னும் ரெண்டே பேருதாம்மா" என்று பொய் சொல்வது, இதுதான் உத்தியோகம்.

ஆனாலும் எனக்கு ஒரு கெத்து இருந்தது. தினமும் காலையில் டாக்டரம்மா கைப்பையை வைத்ததும் என்னைத்தான் கேட்பார்: "இன்னிக்கு எந்த மெஷின்பா நல்லா இருக்கு?"

நான் மூன்றையும் வஞ்சிர மீனின் செவுளைத் தூக்கிப் பார்ப்பவன் மாதிரி பார்த்துவிட்டு, "நடு மெஷின்மா" என்பேன். வருஷக்கணக்காக அதே பதில்தான். அது என் செல்லம். மற்ற இரண்டையும் ஈரத்துணியால் ஒப்புக்குத் துடைப்பேன். அதற்கு மட்டும் தனி கவனிப்பு.

அப்போதுதான் பிசிக்ஸ் சார் வந்தார். ஸ்கேன் மெஷின் சரியாகப் பார்க்கிறதா, காதுக்குக் கேட்காமல் உள்ளே அனுப்பும் சத்தம் அளவாக இருக்கிறதா என்று சோதிப்பதற்கே ஒருத்தரை வேலைக்கு வைப்பார்கள் என்று எனக்கு அதுவரை தெரியாது. என் பையன் வயசு. தலை நிறைய முடி. எனக்கு அது வேறு இல்லை. வாயால் சார் என்பேன், மனசுக்குள் அவன்தான்.

முதல் நாளே வயிற்றில் வைத்துத் தேய்க்கும் கைப்பிடியை, அதுதான் புரோப், எடுத்து அந்தரத்தில் பிடித்துக்கொண்டு திரையை முறைத்தான்.

"சார், அத்த வயித்துல வெக்கணும்" என்றேன்.

"தெரியும்ணா. காத்துல வெச்சாதான் புரோப்போட சொந்தக் குறை தெரியும்."

அப்புறம் திரை மூலையில் ஒரு குட்டி நம்பரைக் காட்டினான். குழந்தையைப் பார்க்கும்போது அது ஏறக்கூடாதாம், உள்ளே சூடாகுமாம். டாக்டரம்மா தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். அந்தத் திரையை இத்தனை வருஷமாகத் துடைப்பவன் நான். அந்த நம்பர் மேல் இருந்த தூசியையும் நான்தான் துடைத்தேன். என்னவென்று ஒரு நாள் கேட்டிருக்கிறேனா?

அவனிடம் ஒரு பெட்டியும் இருந்தது. மனுஷச் சதை மாதிரி செய்த கட்டி, உள்ளே அளந்து வைத்த மெல்லிய கம்பிகள். அதன்மேல் புரோப்பை வைத்தால் திரையில் ரவையைக் கொட்டின மாதிரியும், நடுநடுவே வெள்ளைப் புள்ளிகளாகவும் தெரியும்.

ஒரு திங்கட்கிழமை டாக்டரம்மா கைப்பையை வைத்தார். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு தயாரானேன். அவர் என்னைத் தாண்டிப் போய் அவனைக் கேட்டார்: "எந்த மெஷின் நல்லா இருக்கு?"

என் கேள்வி அவனுக்குப் போய்விட்டது. அதற்கு அவன் சொன்ன பதில் இன்னும் மோசம்!

"நடு மெஷின் புரோப்பை நிறுத்திடலாம் மேடம். அதுல ஒரு இடம் செத்துப்போயிருக்கு."

டாக்டரம்மா தயங்கினார். புது புரோப் என்றால் லட்சக்கணக்கில் செலவு. என் பக்கம் திரும்பினார். "நீ என்னப்பா சொல்ற?"

"சூப்பரா கீதும்மா. சாரு புச்சு, இன்னும் கை பழகல."

"சரி, நாளைக்கு சாயந்திரம் முடிவு பண்ணலாம். அதுவரைக்கும் அதைத் தொட வேண்டாம்."

மாம்பலத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி வீட்டுக்கு நடக்கும்போதே திட்டம் போட்டுவிட்டேன். அவனுக்குப் பெட்டி என்றால் எனக்கும் பெட்டி. கடல்பாசியைக் காய்ச்சி ஆறவிட்டால் கெட்டியாகும், அது சதை. திரையில் ரவை தெரியணும் என்றால் ரவையைப் போடு. கம்பிக்கு சேமியா. எட்டாவது பெயிலுக்கு இது போதாதா?

அடுப்பில் நான் கிண்டுவதைப் பார்த்து என் சம்சாரம் வந்தாள். "யோவ், இன்னா பண்ணிக்கினு கீற? சக்கர போட்டியா?"

"இது துன்றதுக்கு இல்ல. வயிறு."

"ஒன் வயிறு பத்தாதுன்னு இன்னொண்ணா?"

மறுநாள் மதியம் டாக்டரம்மாவும் அவனும் சாப்பிடப் போனதும் கதவைச் சாத்தினேன். எவர்சில்வர் டிபன் பாக்ஸைத் திறந்து, ஜெல் தடவி, முதலில் ஓரத்து மெஷினில் வைத்தேன். ரவை! சேமியா! நானே விஞ்ஞானி! பிறகு நடு மெஷின். ரவை தெரிந்தது. அதன் நடுவே மேலிருந்து கீழ்வரை ஒரு கறுப்புக் கோடு. டப்பாவை நகர்த்தினேன். சேமியா நகர்ந்தது, கோடு நகரவில்லை. திரும்ப ஓரத்து மெஷினுக்கு ஓடினேன். அங்கே கோடே இல்லை.

அவன் சொன்னது சரி.

டப்பாவைக் குப்பையில் கொட்டிவிட்டு, "சூப்பரா கீது" என்றே சாதித்திருக்கலாம். டாக்டரம்மா என் பேச்சைக் கேட்டாலும் கேட்டிருப்பார். ஆனால் கதவைத் திறந்தால் வெளியே வேளச்சேரியிலிருந்து வந்த ஒரு பெண், ஏழு மாசம், "அண்ணே, இன்னும் எத்தினி பேரு?" என்றாள். நாளைக்கு இவளைப் போல ஒருத்தி அந்த மெஷினில் படுப்பாள். பார்க்க வேண்டியது அந்தக் கறுப்புக் கோட்டுக்குள் இருந்தால்? ஒன்றுமில்லை என்று டாக்டரம்மா சொல்வார். அவரை அந்த மெஷின் முன்னால் உட்கார வைத்தவன் நானாக இருப்பேன்.

இரண்டு பேரும் வந்ததும் டப்பாவை நீட்டினேன். "நடு மெஷின் வேணாம்மா. சாரு சொன்னதுதான் கரெக்ட்டு." இதைச் சொல்வதற்குள் பல் பிடுங்கின வலி.

அவன் டப்பாவையே பார்த்தான். "அண்ணா! இதை யார் சொல்லிக் குடுத்தா?"

"ரவ உப்புமா."

அவன் சிரிக்கவில்லை. புரோப்பைத் திருப்பி அதன் ரப்பர் முகத்தைக் காட்டினான். உதடு வெடித்த மாதிரி நுணுக்க நுணுக்கமாக வெடிப்பு. "இதை எதால துடைக்கிறீங்க?"

"ஸ்பிரிட்டாலதான். நாளிக்கு மூணு தபா. மத்தத எல்லாம் சும்மா ஈரத்துணிதான் சார்."

"ஸ்பிரிட் இந்த ரப்பரைத் தின்னுடும்ணா."

ஆக, என் செல்லத்தைக் கொன்றது என் பாசம். மற்ற இரண்டும் என் சோம்பேறித்தனத்தால் உயிர் பிழைத்தவை. டாக்டரம்மா சிரிப்பை அடக்க மூக்கைச் சொறிந்துகொண்டார். திட்டியிருந்தால் பரவாயில்லை.

மறுநாள் காலை கைப்பையை வைத்துவிட்டு, எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பார்த்துக் கேட்டார்: "எந்த மெஷின் நல்லா இருக்கு?"

நான் ஈரத்துணியைப் பிழிந்தேன். அவன்தான் சொன்னான்: "அண்ணாவைக் கேளுங்க மேடம். செக் பண்ணிட்டுத்தான் சொல்வாரு."

படிப்பு அவனுக்கு. முடி அவனுக்கு. பெட்டி அவனுக்கு. இப்போது பெரிய மனசும் அவனுக்கே. எரிச்சலில் எனக்குக் காது சுட்டது.

"ஓரத்து மெஷின்மா" என்றேன். அவன் அந்தப் பக்கம் திரும்பினதும், திரை மூலையில் இருந்த அந்தக் குட்டி நம்பரை முதல் தடவையாகக் குனிந்து பார்த்தேன். ஒன்றும் புரியவில்லை. இரண்டாம் தடவையும் பார்த்தேன்.